இறக்கையில கொஞ்சம் ஆட்டம்

கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்கிடுதியளா அண்ணாச்சி? இதை மடியில நிமுத்தி வச்சுக்கிடணும். சாஞ்சா முனை ஒடிஞ்சிரும். ஒடிஞ்சதுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா இனிமே ஒடியக் கூடாது. இதுல இருக்க ஒவ்வொரு முறிவும் எனக்குச் சாட்சி.

போர்வைக்குள்ள என்னன்னு கண்டக்டரும் கேட்டாரு. இறக்கைன்னு சொன்னேன். ஒரு மாதிரிப் பாத்துட்டுப் போயிட்டாரு. ஏரோப்பிளேன் இறக்கை. ரிமோட்டை வச்சுப் பறக்க விடுத பிளேன் இருக்குல்லா, அதோட வலது பக்கம். பொம்மைன்னு சொல்லிராதிய. எங்க வீட்டுக்காரி அப்படித்தான் சொல்லுவா. முழுசா இருக்கும்போது என் ரெண்டு கையையும் விரிச்ச அகலம் இருந்துது. சிவப்புக் கலர். நானே கட்டினது.

என் பேரு ஜெயசிங். பாளையங்கோட்டை. நூல் மில்லுல மெயின்டனன்ஸ்ல இருந்து ரிட்டயரானவன். மிஷின் சத்தத்தை வச்சே எந்த பேரிங் போகப்போவுதுன்னு சொல்லிருவேன். ஆட்டம், அதிர்வு, இதெல்லாம் எனக்குப் புதுசு இல்லை. அதை முதல்லயே சொல்லிருதேன், பிறகு நீங்களும் தப்பா நினைக்கக் கூடாது.

நாசரேத்துக்குப் போறேன். மச்சினன் வீடு. எபனேசர்னு பேரு, எபின்னு கூப்பிடுவோம். எங்க வீட்டுக்காரி ஹெப்சிபாவுக்குத் தம்பி. அங்க பஜார்ல மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கான். ஹெப்சியும் இப்ப அங்கதான் இருக்கா. கோயில் அசன விருந்து அன்னைக்குப் போனவ, இன்னும் வரலை. தம்பிக்கு ஒத்தாசையா இருக்கணுமாம். தம்பிக்குப் பொண்டாட்டி இல்லையான்னு கேளுங்க. இருக்கா. ஷீலான்னு, டீச்சர். நல்ல பிள்ளை. பிறகு இவளுக்கு அங்க என்ன வேலை? நான் வீட்டுல தனியாச் சோறு பொங்கித் தின்னுட்டு உக்காந்திருக்கேன்.

கூட்டிட்டு வரத்தான் போறேன். ஆனா முதல்ல இதை எபிகிட்ட காட்டணும். தப்பு எதுலன்னு தெரிஞ்ச பிறகுதான் மத்ததைப் பேச முடியும். இல்லையா?

ஃப்ளட்டர்னு கேள்விப்பட்டிருக்கியளா? இருக்காது. சொல்லுதேன். போர்வையை விலக்குதேன், இறக்கையோட பின்விளிம்புல இந்தப் பட்டை தொங்குது பாத்தியளா, முக்கால்வாசி பிஞ்சு கிடக்கு, இதுக்குப் பேரு ஐலரான். இது மேல போனா பிளேன் ஒரு பக்கம் சாயும், கீழ போனா மறுபக்கம் சாயும். உள்ள சர்வோன்னு ஒரு சின்ன மோட்டார் இருந்து, கம்பியை வச்சு இதை அசைக்கும். அந்தக் கம்பி மாட்டுத ஓட்டை கொஞ்சம் பெருசாயிட்டுன்னு வைங்க, பட்டை தன்னால லொடலொடன்னு ஆடும். மெதுவாப் போகையில ஒண்ணும் தெரியாது. வேகம் ஏறுச்சுன்னா காத்து அதைப் பிடிச்சு உலுக்கும். உலுக்க உலுக்க ஆட்டம் கூடும். பர்ர்ர்னு ஒரு சத்தம் வரும், புதுத் துணியைக் கிழிக்க மாதிரி. அந்தச் சத்தம் வந்தா அடுத்த மூச்சு விடுததுக்குள்ள பட்டை பிச்சுக்கிட்டுப் போயிரும். சில நேரம் இறக்கையே போயிரும். அதனால சத்தம் கேட்ட உடனே பவரைக் குறைச்சிரணும். வேற எதையும் யோசிக்கக் கூடாது. இதை எபிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

பிளேனையே அவனுக்குக் காட்டினது நான்தான். எங்க ஊருக்கு வெளிய ஒரு குளம் இருக்கு. தண்ணி வத்திட்டுன்னா மேசை மாதிரிக் கிடக்கும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு அங்க போயிருவோம். எபியும் நாசரேத்துலேருந்து பைக்கை எடுத்துட்டு வந்துருவான். இன்னும் நாலஞ்சு பேரு உண்டு. எல்லாரும் எங்கிட்ட கேட்டுத்தான் எதையும் செய்வாவ.

போன கோடையில எபி ஒரு மஞ்சள் பிளேன் கட்டிக் கொண்டாந்தான். நல்லாத்தான் கட்டியிருந்தான். கண்ணாடிக்கு ஆணி முடுக்குத கை, வேலை சுத்தமா இருக்கும். மேல ஏத்தினான், ரெண்டு சுத்து சுத்தினான். கொஞ்சம் வேகமா விட்டான், பர்ர்ர். எனக்கு முதல்லயே கேட்டுட்டு. அவனும் சட்டுன்னு பவரைக் குறைச்சு இறக்கிட்டான். முகம் வெளுத்துப் போச்சு.

நான் போயி அந்த ஐலரானை ரெண்டு விரலால பிடிச்சு எல்லாருக்கும் ஆட்டிக் காட்டினேன். "இதுக்குப் பேரு பிளேன் இல்லடே, கிலுகிலுப்பை"ன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. எபியும் சிரிச்சான். அவன் முகம் சுருங்கிட்டுன்னு ஹெப்சி பிறகு சொன்னா, அவளும் அன்னைக்கு வந்திருந்தா. எனக்கு அப்படித் தெரியலை. ஒருத்தனுக்கு நல்லது சொன்னா கொஞ்சம் உறைக்கணும்லா.

அடுத்த வாரம் எல்லாத்தையும் மாத்திட்டு வந்தான். தடிமனா, கட்டையா புதுக் கம்பி. ஓட்டை பெருசாகாத மாதிரிப் புதுக் கொக்கி. இறக்கைக்கும் பட்டைக்கும் நடுவுல இடுக்கு இருக்கும்லா, அதுல காத்து நுழையாம நீளத்துக்கும் டேப்பு ஒட்டியிருந்தான். பிறகு பட்டைக்கு முன்பக்கமாச் சின்னதா ஈயத்துண்டு.

"ஈயம் எதுக்குடே? மீன் பிடிக்கப் போறியா?"ன்னு கேட்டேன்.

"பட்டையோட கனம் பூரா கீலுக்குப் பின்னாலயே இருந்தா காத்து உலுக்கையில ஆட்டம் கூடிட்டே போகுமாம் அத்தான். முன்னால கொஞ்சம் கனம் வச்சா அடங்கிருமாம். படிச்சேன்."

"நான் முப்பது வருசமா ஸ்பிண்டில் ஓட்டினவன். எங்கிட்டயா?"ன்னேன்.

அவன் ரிமோட்டைக் கையில எடுத்தான். பிளேனை ஏத்தினான். வேகமா விட்டான். சத்தமே இல்லை. கத்தி மாதிரிப் போச்சு. அதை நான் ஒத்துக்கிட்டேன், அண்ணாச்சி. நல்லாருக்குடேன்னு என் வாயால சொன்னேன். அதுக்கப்புறம் எல்லாவனும் அவன்கிட்ட போயி, எப்படிச் செஞ்சிய, ஈயம் எங்க கிடைக்கும்னு கேக்க ஆரம்பிச்சான். எங்கிட்ட கேக்குதது நின்னுபோச்சு. அதனால எனக்கு ஒண்ணும் இல்லை. நிழல்ல உக்காந்து பிளாஸ்க்கு காப்பியைக் குடிச்சுட்டு இருப்பேன்.

அப்பதான் என் சிவப்புக்கு ஒரு பெரிய மோட்டார் போட்டேன். மஞ்சளுக்குப் போட்டின்னு நினைச்சிராதிய. ரொம்ப நாளாவே மனசுல இருந்தது.

எங்க மாமியார் ஊரு நாசரேத்துப் பக்கத்துல ஒரு கிராமம். அங்க கோயில் அசனம் வருசா வருசம் நடக்கும். ஊரே சேந்து ஒரே இடத்துல சோறு பொங்கி, ஒண்ணா உக்காந்து சாப்பிடுதது. இந்த வருசம் அந்தச் சபை ஐயர், பாதிரியாரைத்தான் நாங்க ஐயர்னு சொல்லுவோம், அவரு கேட்டாராம், உங்க பிளேனை வச்சுக் கோயில் மேல பூ தூவ முடியுமான்னு. எபிகிட்டதான் கேட்டிருக்காரு. எபிதான், அத்தானும் வருவாவன்னு சொல்லி என்னையும் சேத்திருக்கான். நான் கேட்டுப் போகலை.

அசனத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எபி வீட்டுல இருந்தோம். ரெண்டு பிளேனையும் ஹால்ல விரிச்சுப் போட்டு அவன் ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துட்டு இருந்தான். என் சிவப்புக்கிட்ட வந்தான். வலது ஐலரானை லேசா அசைச்சுப் பாத்தான். மறுபடியும் அசைச்சான்.

"அத்தான், இதுல ஆட்டம் இருக்கு."

"எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும்."

"ஓட்டை பெருசாயிருக்கு. பழைய மோட்டாருக்கு இது தாங்கும். இப்ப போட்டிருக்க மோட்டாருக்குத் தாங்காது. எங்கிட்ட புதுக் கொக்கி இருக்கு. இப்ப உக்காந்தா காப்பி ஆறுததுக்குள்ள மாத்திரலாம்."

"எனக்கே சொல்லித் தாரியாடே?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதான அத்தான்."

அவன் மரியாதையாத்தான் சொன்னான். ஆனா ஹெப்சி காப்பித் தம்ளரோட நிக்கா. ஷீலா அடுக்களை வாசல்ல நிக்கா. மூணு பேரும் என்னையே பாக்காவ. நான் ரெண்டு விரலால ஆட்டிக் காட்டின மாதிரியே அவனும் ஆட்டிக் காட்டுதான். வேணும்னு செய்யலை, எபி அப்படிப்பட்டவன் இல்லை. ஆனா இருந்துது.

"அவன் சொல்லுததைக் கேட்டா என்ன குறைஞ்சு போவுது உங்களுக்கு?"ன்னு ஹெப்சி கேட்டா. அந்தக் கேள்வி மட்டும் அவ கேக்காம இருந்திருந்தா, நான் அந்தக் கொக்கியை வாங்கி மாட்டியிருப்பேன். இதை அவகிட்டயும் சொல்லியிருக்கேன்.

"நான் பாத்துக்கிடுதேன்"னு சொல்லிட்டேன்.

காலையில கிளம்பையில எபி கேட்டான். "மாத்திட்டியளா அத்தான்?"

"பாத்தாச்சுடே."

பாத்தேன் அண்ணாச்சி. பொய் சொல்லலை. அந்த ஓட்டையில ஒரு சொட்டுப் பசை விட்டேன். காஞ்சதும் ஆட்டிப் பாத்தேன், நின்னிருந்துது. அவன் கேட்டது மாத்திட்டியளான்னு. நான் சொன்னது பாத்தாச்சுன்னு. இதுல பொய் எங்க இருக்கு?

கோயிலுக்குப் பின்னால பெரிய திடல். ஒரு ஓரமா அடுப்பு மூட்டி அண்டா அண்டாவாச் சோறு பொங்கிட்டு இருந்தாவ. ஹெப்சியும் அங்கதான், கரண்டியோட. சனங்க இந்தப் பக்கம் நிக்கு. எபி முதல்ல மஞ்சளை ஏத்தினான். மெதுவா, ஆடாம அசையாம ஒரு சுத்து. கோயில் கோபுரத்து மேல வரும்போது பூவை இறக்கினான். சரியாச் சிலுவை மேல விழுந்து சிதறுச்சு. கிழவிகள்லாம் கும்பிடுதாவ. ஐயர் மைக்குல, "எபனேசர் தம்பிக்குக் கர்த்தர் நல்ல கையைக் கொடுத்திருக்காரு"ன்னாரு. நல்லதுதான். நான் ஒண்ணும் நினைக்கலை.

எபி மஞ்சளை இறக்கினதும் என் முறை. எபி பக்கத்துல வந்து, "மெதுவா ஒரு சுத்து போதும் அத்தான்"னான். நான் தலையை ஆட்டினேன்.

ஏத்தினேன். நல்லா உயரத்துக்கு ஏத்தினேன். அங்கேருந்து மூக்கைக் கீழ திருப்பி, முழு பவர்ல, சனங்களுக்கு முன்னால தாழ்வா ஒரே ஓட்டம். அவன் பூ போட்டான். நானும் ஏதாவது செய்யணும்லா. அந்த மோட்டார் சத்தம் இருக்கே, நீங்க கேட்டிருக்கணும். எல்லாரும் திரும்பிப் பாத்தாவ. அப்பதான் எபி சத்தம் போட்டான், "பவரைக் குறைங்க அத்தான், குறைங்க"ன்னு.

ஊர்ச் சனம் பூரா நிக்கு. ஐயர் நிக்காரு. அத்தனை பேருக்கு முன்னால என்னைப் பாத்துச் சத்தம் போடுதான். அந்த ஒரு நொடி எனக்குக் கவனம் சிதறிட்டு. அதை யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்காவ.

பர்ர்ர் சத்தமா? ஏதோ கேட்டுது. மோட்டார் சத்தத்துல என்ன தெரியும்.

குறைச்சனான்னா கேக்கிய? குறைக்கத்தான் போனேன். விரல் அதுலதான் இருந்துது. ஆனா அந்த நேரம் குறைச்சா அவன் சொல்லி நான் குறைச்ச மாதிரி ஆயிரும்லா. ஒரு நொடி கழிச்சுக் குறைக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பிளேன் ஒருக்களிச்சுட்டு. நான் ரிமோட்டுக் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் கேக்கலை. நேரா அடுப்பைப் பாத்துப் போவுது.

ஹெப்சி அங்க கையை நெத்தியில வச்சு நிமுந்து பாத்துட்டு நிக்கா. என் பிளேனைத்தான் பாக்கா. வீட்டுல பொம்மைம்பா. அன்னைக்கு, அவ பாத்துட்டு நின்னா.

எபி தன் கையில இருந்த ரிமோட்டைப் போட்டுட்டு ஓடினான். அவன் எப்ப ஓடினான்னே நான் பாக்கலை. அக்காளைப் பிடிச்சுத் தள்ளிவிட்டுட்டு வலது கையைத் தூக்கினான். அவ்வளவுதான் தெரியும். மோட்டார்ல மாட்டின விசிறி அப்பவும் சுத்திட்டுத்தான் இருந்துது.

நான் பிளேன்கிட்ட ஓடினேன். பாட்டரி தீப்பிடிச்சிரக் கூடாதுலா, பக்கத்துலயே அடுப்பு. அதைக் கழத்தணும். பாதுகாப்பு விஷயம். அதைத்தான் ஹெப்சி பிடிச்சுக்கிட்டா. "நீங்க முதல்ல பிளேன்கிட்ட போனிய"ங்கா. நான் பாட்டரியைக் கழத்திட்டு நிமுந்து பாக்கும்போது அவனைக் கார்ல ஏத்திட்டாவ. அவ சேலை பூரா ரத்தம், அவ அவன் கையைத் தன் முந்தானையில சுத்திப் பிடிச்சிருக்கா. காருல இடம் இல்லை. நான் எங்க போக?

அந்த அண்டாச் சோத்தை யாரும் சாப்பிடலைன்னு பிறகு கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், போகாம இல்லை. வாசல் வரைக்கும் போனேன். உள்ள அவங்க ஆளுக நிறையப் பேரு நின்னாவ. ஆபரேசன் நடக்குன்னாவ. பெருவிரலுக்குப் போற நரம்பு அறுந்துட்டு, சேத்துத் தைக்காவன்னாவ. நான் சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு வந்துட்டேன்.

எல்லாரும் ஃப்ளட்டர்ங்காவ. குளத்துக்கு வாரவன் பூரா அதையேதான் சொல்லுதான். நான் சொல்லுதேன், அது சிக்னல் போனது. கோயிலுக்குப் பின்னால செல்போன் டவர் நிக்கு. அதைப் போன்ல ஹெப்சிகிட்ட சொன்னேன். "எபி கையில டவரா விழுந்துது?"ன்னா. பிறகு, "வந்து அவனைப் பாருங்க"ன்னா. "வாரேன், ஆனா இறக்கையைக் கொண்டாந்து காட்டிட்டுத்தான் பேசுவேன்"னேன். அவ போனை வச்சுட்டா.

எபி என்ன சொன்னானா? அதுதான் அண்ணாச்சி, அவன் ஒண்ணுமே சொல்லலை. அத்தானை யாரும் எதுவும் சொல்லக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிட்டானாம். ஒருநாள் அவனே போன் போட்டான். "தனியா இருக்கியளே, ஒழுங்காச் சாப்பிடுதியளா அத்தான்?"னு கேட்டான். நான் டவர் விஷயத்தை எடுத்தேன். "சரி அத்தான்"னான். "கொக்கி நல்லாத்தான் இருந்துது"ன்னேன். "சரி அத்தான், விடுங்க"ன்னான். அவன் என்னைத் திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். பதில் எல்லாம் தயாராத்தான் வச்சிருக்கேன். அவன் கேக்க மாட்டேங்கான். அப்ப நான் யாருக்குச் சொல்ல?

கடை பூட்டித்தான் கிடக்காம். மூக்குக்கண்ணாடி ஆணி எவ்வளவு சின்னது, நீங்க பாத்திருப்பிய. வேற ஆளைப் போட்டுப் பாத்துக்கிடலாம், அதுக்கென்ன.

அண்ணாச்சி, அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிடுதியளா? இல்லை, சத்தம் ஒண்ணும் பெருசா இல்லை. உங்களுக்குக் கேக்காது. எனக்கு ஒரு மாதிரி இருக்கு. இருங்க, டிக்கெட்டை மடிச்சு அந்த இடுக்குல சொருகிருதேன். ஆங். இப்ப சரி. வீட்டுலயும் ஃபேன் போடுததில்லை இப்ப. வேர்த்தா வேர்த்துட்டுப் போவுது.

என்ன, அதை ஆட்டிப் பாக்கிய? பாருங்க, பாருங்க. அந்த ஆட்டம் விழுந்ததுல வந்தது. பசை விட்ட இடம்தான் அது, விட்டுப்போச்சு. முன்னாலயும் கொஞ்சம் இருந்துது. கொஞ்சம்தான். பிஞ்ச துண்டு அடுப்புக்கு ரொம்பத் தள்ளி, திடலுக்கு நடுவுல கிடந்துதுன்னு யாரோ எடுத்துட்டு வந்து தந்தாவ. விழுததுக்கு முன்னாலயே பிஞ்சு விழுந்துட்டுன்னு அதுக்கு அர்த்தமாம். காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும். லேசான கட்டைதான அது.

இதை எபி கையில கொடுத்தா அவனே சொல்லுவான். அவனுக்குத் தெரியும். கையில வாங்கி ஒரு தடவை திருப்பிப் பாத்தான்னா போதும், எல்லாம் தெரிஞ்சிரும் அவனுக்கு.

நாசரேத்து வந்துட்டா? அதுக்குள்ளயா?

இந்த வண்டிலதான் வாரேன்னு ஹெப்சிகிட்ட சொல்லியிருந்தேன். அவ வர மாட்டா, நான் நடந்தே போயிருவேன். இதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, நான் எந்திரிச்சுக்கிடுதேன்.

அண்ணாச்சி, இருங்க. எந்திரிக்காதிய. அப்படியே உக்காருங்க.

அந்தா நிக்கான். மருந்துக்கடை பக்கத்துல, நீலச் சட்டை. அவன்தான் எபி. இறக்கையைத் தூக்கிட்டு வாரேன்னு சொன்னேன்லா, அதான் கூடப் பிடிக்க வந்திருக்கான். ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டு வாரான். நீங்க கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க. இன்னும் கொஞ்சம். இந்தப் போர்வையை உங்க பக்கம் இழுத்துக்கிடுங்க. அவன் பாத்துரக் கூடாது.

இல்லை, இறங்கலை. இன்னைக்கு வேண்டாம். இன்னும் ரெண்டு இடம் சரியாப் பாக்கணும் இதுல. அடுத்த வாரம் வரலாம். நீங்க என்னைப் பாக்காதிய, வெளிய பாருங்க. சும்மா பாக்குத மாதிரிப் பாருங்க.

கிளம்பிட்டா? நிக்கானா இன்னும்? சரி.

அண்ணாச்சி, நான் தலையைக் குனிஞ்சுட்டு இருந்தேன், சரியாப் பாக்கலை. நீங்க பாத்தியளா? கை எப்படி இருக்கு அவனுக்கு? கட்டுப் பிரிச்சுட்டாவளா? விரல் அசையுதா? சொல்லுங்க அண்ணாச்சி, பெருவிரல் மடங்குதா?

கண்டக்டரு வாராரு. திருச்செந்தூருக்கு ஒண்ணு எடுத்துக்கிடுதேன்.